ஒரு மணி நேரம், ஒரு விதி, ஒரு தடயம்: அன்றாடத்துக்குள் சாகசம் தேடுபவர்களுக்கு

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடிக் கிடந்தன. வருடக்கணக்காக ஒரே தடத்தில் வேலைக்குப் போய்வந்தவர்கள் அந்த இரண்டு நாளும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ரயில்கள் வழக்கம்போல் ஓடின. பயண அட்டைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: அப்படி வழி மாறியவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. கட்டாயத்தால் கிடைத்த புது வழியே அவர்களுக்கு நல்லதாக அமைந்துவிட்டது.

தினமும் போய்வரும் வழியைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பழகிய வழியில், பழகிய வீட்டில், பழகிய சாயங்காலத்தில் நான் பார்க்காமல் விட்டது இன்னும் எவ்வளவு இருக்கும்?

இதுவரை எதையும் எழுதாதவர், வரையாதவர், மலை ஏறாதவர், ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்று ஒதுங்கிக்கொள்பவர், இவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. தேவையானவை மூன்று: வாரத்தில் ஒரு மணி நேரம், அந்த ஒரு மணிக்கு ஒரு விதி, திரும்பி வரும்போது கையில் ஒரு தடயம். சாகசம் என்றதும் கயிறும் பனிச்சிகரமும் கண்முன் வந்து நிற்கின்றன. நான் அந்தச் சொல்லைச் சின்ன அளவில் எடுத்துக்கொள்கிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஓர் அடி எடுத்து வைத்தாலே சாகசம். அங்கிருந்து எதையாவது உருவாக்கிக்கொண்டு திரும்பினால் படைப்பு. ஒன்று வந்தால் மற்றொன்றும் பின்னாலேயே வரும் என்பது என் அனுபவம்.

முதல் படி: நேரத்துக்கு வேலி போடுங்கள்

‘நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்’ என்றால் கிடைக்கவே கிடைக்காது. கிழமையையும் மணியையும் முடிவு செய்து காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆசை மிகுந்து முதல் வாரமே அரை நாளை ஒதுக்கினால் இரண்டாவது வாரம் அலுப்புத்தான் மிஞ்சும்.

அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ்காரர் நான்கு வருடம் சைக்கிளில் உலகைச் சுற்றியவர். அதே மனிதர் 2011இல் வேறு ஒன்றைச் செய்யத் தொடங்கினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த நேரத்தில், குறைந்த செலவில் முடிகிற குட்டிச் சாகசங்கள். லண்டனைச் சுற்றி வளைத்து ஓடும், ஏறக்குறைய 188 கிலோமீட்டர் நீளமுள்ள எம்25 நெடுஞ்சாலையை ஒட்டியே ஒரு நண்பருடன் நடந்தார். யாரும் அழகென்று சொல்லாத சாலை அது. அவர் சொல்லும் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும்: மாலை 5 மணிக்கு வேலை முடிந்து மறுநாள் காலை 9 மணிக்குத் தொடங்கினால், இடையில் 16 மணி நேரம் இருக்கிறது. தூக்கம், சமையல், குழந்தைகள் எல்லாம் போனாலும் வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் உண்டு. உடல்நிலை, கைக்குழந்தை, படுக்கையில் பெரியவர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். 1790இல் இத்தாலியின் டூரின் நகரில் சேவியர் த மேஸ்த்ர் என்ற இளம் ராணுவ அதிகாரி, வாள்சண்டை போட்ட குற்றத்துக்காக 42 நாள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அந்த நாட்களில் தன் அறையையே ஒரு தேசமாக நினைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து சுவரிலுள்ள படங்களுக்கும் பயணம் போய், அதைப் பயண நூலாகவே எழுதிவிட்டார். நான்கு சுவர் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு விதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்

‘சும்மா வெளியே போய்ப் புதுசாக எதையாவது பாருங்கள்’ என்று சொன்னால் மனசு திகைத்து நின்றுவிடும். எல்லாப் பக்கமும் திறந்திருந்தால் கால் பழகிய பக்கமே போகும். விதி இருந்தால் அந்தப் பழக்கம் உடைகிறது. பிரான்சில் 1960இல் சில எழுத்தாளர்களும் கணித அறிஞர்களும் சேர்ந்து ஊலிப்போ என்ற குழுவை ஏற்படுத்தினார்கள். வேண்டுமென்றே ஒரு கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்டு எழுதுவது அவர்கள் வழி. அதில் இருந்த ஜோர்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாக வரும் ‘e’ எழுத்து ஓரிடத்திலும் வராமல் ஒரு முழு நாவலையே எழுதினார். வழக்கமாக வரும் சொல்லுக்குத் தடை போட்டால், வராத சொல்லைத் தேடித்தான் ஆகவேண்டும். நடைக்கும் இதே கதைதான்.

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாணய நடை. வாசலில் நின்று நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வலது, பூ விழுந்தால் இடது. ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே செய்யுங்கள். வழி தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கட்டம் போட்டதுபோல் தெருக்கள் அமைந்த இடத்தில் 16 முறை சுண்டி 16 தெரு நடந்தாலும், வீட்டிலிருந்து நீங்கள் விலகியிருப்பது பெரும்பாலும் நான்கு தெரு அளவுதான். வலதும் இடதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டே வரும். அதனால்தான் இது பக்கத்திலேயே இருந்தும் நீங்கள் நுழையாத தெருக்களுக்குள் உங்களைக் கொண்டுபோய் விடுகிறது.

அது அலுத்துவிட்டால் வேறு விதிகள் இருக்கின்றன. ஒரே நிறத்தைப் பின்தொடர்வது ஒன்று: மஞ்சள் என்று வைத்தால், ஒரு மஞ்சளைப் பார்த்ததும் அந்தத் திசையில் போய், அங்கிருந்து அடுத்த மஞ்சளைத் தேட வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கமே நடந்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனையாவது பஸ் நிறுத்தத்தில் இறங்கலாம். வேறொரு ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் நடக்கலாம். இது என் கற்பனை இல்லை. 1950களில் பாரிஸில் இலக்கில்லாத நடையை ஒரு முறையாகவே வளர்த்த கீ தெபோர், தன் நண்பர் ஒருவர் லண்டன் வரைபடத்தைப் பார்த்தபடி ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் சுற்றியதாக எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் உறுதி வேண்டும்: போட்ட விதியைப் பாதியில் மாற்றாதீர்கள். ‘இந்தத் தெருவில் என்ன இருக்கப்போகிறது’ என்று மனசு சொல்லும் இடத்தில் நாணயத்துக்குக் கீழ்ப்படிவதில்தான் எல்லாமே இருக்கிறது. நாணயம் முட்டுச்சந்துக்கோ பிறர் இடத்துக்கோ காட்டினால் மட்டும் திரும்பச் சுண்டுங்கள்.

மூன்றாம் படி: உட்காருங்கள்

எனக்கு மிகவும் நெருக்கமான படி இது. நடப்பதைவிட உட்காருவது கடினம்.

முன்னே சொன்ன அதே பெரெக், 1974 அக்டோபரில் பாரிஸின் சேன்-சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தார். அங்கிருந்த தேவாலயம், சிலைகள், நீரூற்று பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். அவர் எழுதியது மிச்சமிருந்ததை: கடந்துபோகும் பஸ்ஸின் எண், பையைத் தூக்கிப்போகும் பெண், சேர்ந்து எழும்பிச் சுற்றிவரும் புறாக்கள். ஒன்றும் நடக்காதபோது என்ன நடக்கிறது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது.

இதைப் பார்த்துத்தான் நானும் ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 40 நிமிடம் எழுந்திருக்கக் கூடாது, பார்வை ஜன்னலை விட்டுப் போகக் கூடாது, இதுதான் விதி. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. போனை எடுக்க இரண்டு முறை கை போயிற்று. நேரத்தை வீணடிக்கிறோம் என்ற குற்ற உணர்ச்சிகூட வந்தது. பிறகு ஜன்னல் சட்டத்தின் மூலையில் மிளகளவு ஒரு சிலந்தி அசைந்தது.

அது ஒரு நூலைக் காற்றில் விட்டது. காற்று அதை இழுத்துப்போய் எதிரே இருந்த செடியில் ஒட்டியது. சிலந்தி காலால் சுண்டி இழுத்துப் பார்த்தது. இறுகியிருப்பது தெரிந்ததும் அதன்மேலேயே நடந்தது. நடுவிலிருந்து ஒரு நூலில் கீழே இறங்கி, அதைத் தரையோரம் கட்டி, கவட்டைக் குச்சியின் வடிவத்தை உண்டாக்கியது. அப்புறம் சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி ஒவ்வொரு நூலாக நடுவுக்கும் ஓரத்துக்கும் கட்டிக்கொண்டே போனது. பிறகு நடுவிலிருந்து வெளியே அகல அகலமாக ஒரு சுருள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தச் சுருள் வெறும் சாரம். கட்டடம் கட்டும்போது கம்பு கட்டி நிறுத்துவார்களே, அதைப்போல. வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, இந்த முறை ஒட்டும் நூலால், காலால் இடைவெளியை அளந்து அளந்து நெருக்கமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே வரும்போது பழைய சாரத்தை ஒவ்வொரு துண்டாகப் பிரித்தெடுத்துவிட்டது. கடைசியில் நடுவில் தலைகீழாகத் தொங்கி அசையாமல் நின்றது.

அந்த ஜன்னலை நான் வருடக்கணக்காகத் திறந்து மூடியிருக்கிறேன். வலையைத் துடைப்பத்தால் அடித்தும் இருக்கிறேன். வலை கட்டும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தானே தின்றுவிட்டுத் தினமும் புதிதாகக் கட்டுகின்றன என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் அந்தக் காட்சி தினமும் சாயங்காலம் எனக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

நீங்கள் உட்காரும்போது மூன்று விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். ஒன்றுமில்லாத அந்த முதல் பத்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஒரு முழம் சதுரம் தரையே போதும். தெரிவதை எழுதுங்கள், தோன்றுவதைப் பிறகு எழுதலாம். ‘அழகான எறும்பு வரிசை’ என்பதைவிட ‘எதிரெதிரே வரும் எறும்புகள் ஒவ்வொன்றும் நின்று தொட்டுவிட்டுப் போகின்றன’ என்ற வரி அடுத்த கேள்வியை எழுப்பும்.

நான்காம் படி: வாரம் ஒரு பெயர்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காந்தளில் தொடங்கி 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஏக்கமாக இருக்கும். என்னால் பெயர் சொல்ல முடிந்த பூக்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டவில்லை. பெயர் தெரியாதவரை எல்லாம் ‘ஏதோ ஒரு செடி’, ‘ஏதோ ஒரு குருவி’. பெயர் தெரிந்த மறுநாளிலிருந்து அதே செடி நான்கு இடத்தில் கண்ணில் படுகிறது.

மேகங்களுக்கும் 1802 வரை இதே நிலைமைதான். அந்த ஆண்டில்தான் லூக் ஹோவர்ட் என்ற லண்டன்காரர் அவற்றுக்கு வகை பிரித்துப் பெயர் வைத்தார். அவர் தொழில்முறை வானிலை அறிஞர் அல்ல, மருந்துப் பொருள் தயாரிப்பவர். கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பிரிவுகள் அவர் போட்ட அடித்தளத்தின்மேல் நிற்பவைதான். வாரம் ஒரு பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். பறவை, மரம், மேகம், நட்சத்திரம், கதவில் உள்ள ஒரு பாகம், எதுவானாலும் சரி. அதிகம் வேண்டாம், ஒன்றே ஒன்று.

ஐந்தாம் படி: ஒரு மணி நேரத்தை இருட்டுக்குக் கொடுங்கள்

மொட்டை மாடி, முற்றம், பால்கனி, வெளிச்சம் குறைந்த எந்த இடமும் சரி. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் தேவையென்றால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி கண்ணை அதிகம் கெடுக்காது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலோ விடிவதற்குச் சற்று முன்போ, சிமிட்டாத ஒரு வெளிச்சப் புள்ளி வானத்தைக் குறுக்கே கடந்துபோனால் அது அதுவாக இருக்கலாம். உங்கள் ஊருக்கு மேலே எப்போது வரும் என்பதை நாசா வெளியிடுகிறது. அந்தப் புள்ளிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்போடு பாருங்கள். சாதாரணத் தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால், அதைச் சுவரில் அசையாமல் சாய்த்து வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் பொடிப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நிலவுகள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, மல்லாந்து படுக்க ஒரு பாய் போதும்.

ஆறாம் படி: தடயத்தோடு திரும்புங்கள்

பார்த்ததோடு விட்டால் இரண்டு நாளில் மறந்துவிடும். கையால் ஏதாவது செய்தால்தான் அது உங்களுடையதாகும். ஐந்து வரி எழுதுங்கள். நடந்த வழியை ஞாபகத்திலிருந்தே வரைபடமாகப் போடுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிட ஓசையைப் போனில் பதிவு செய்யுங்கள். வரையத் தெரியாதவர்களுக்கு ஒரு பயிற்சி: ஒரு பொருளின் ஓரத்தைக் கண்ணால் மெதுவாகத் தடவிக்கொண்டே, தாளைப் பார்க்காமல் பென்சிலை நகர்த்துங்கள். கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் அந்தப் பொருளை அவ்வளவு நேரம் நீங்கள் அதற்குமுன் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

தடயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1941இல் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஜோர்ஜ் த மெஸ்த்ரால் நாயோடு மலையில் நடந்துவிட்டு வந்தார். உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த முள்விதைகளை உதறிப் போடாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுனியில் வளைந்த கொக்கிகள் தெரிந்தன. பையிலும் செருப்பிலும் நாம் ‘சர்ர்’ என்று பிரிக்கிற வெல்க்ரோ பட்டை அங்கிருந்து பிறந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரி 15 அன்று முதல்முறையாக ஒரு பனித்துகளைப் படமெடுத்தார். அதோடு நிற்கவில்லை, வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட துகள்களைப் படமெடுத்தார். அவருக்கு வெகுதூரப் பயணம் எதுவும் தேவைப்படவில்லை. தன் வீட்டருகே விழுந்த பனியே போதுமானதாக இருந்தது.

யோசனையே வரவில்லை என்றால் மறுபடி நடங்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மெரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகமாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் கேள்விகளுக்கு நடை உதவவில்லை என்பதையும் அவர்கள் சொன்னார்கள். ஆகவே கணக்கை மேசையில் போடுங்கள். கதையையும் திட்டத்தையும் தெருவுக்கு எடுத்துப்போங்கள்.

எங்கே சறுக்கும்

முதலில் சறுக்குவது போனால். படம் எடுப்பது தப்பில்லை, ஆனால் எடுத்ததும் பார்த்துவிட்டதாக மனசு நம்பிவிடுகிறது. ஒரு மணி நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, யாருக்காவது காட்டவேண்டும் என்ற எண்ணம். முதல் பத்துத் தடயங்களை யாரிடமும் காட்டாதீர்கள். பிறர் பார்வை நினைவுக்கு வந்ததுமே கை நல்லதைத் தேட ஆரம்பித்து, உண்மையை விட்டுவிடும். ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் இரண்டாகச் செய்யவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

குழந்தைகளோடு போனால் விதியை அவர்களே போடட்டும். நம்மைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடிவயிற்றில் பயம் தட்டினால் நாணயம் என்ன சொன்னாலும் திரும்பிவிடுங்கள். பொந்துக்குள் கை விடாதீர்கள், பெயர் தெரியாத காயை வாயில் வைக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரியும். 30 விநாடிக்குக் குறைந்தால் உள்ளே போய்விடுங்கள், அங்கிருந்தே எண்ணலாம்.

இந்த வாரத்துக்கு வேண்டியவை: சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு நாணயம். நோட்டின் முதல் பக்கத்தில் கிழமையையும் மணியையும் எழுதுங்கள், அதற்குக் கீழே விதியை எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ள இடத்தை அப்படியே காலியாக விட்டுவைத்துவிட்டு, அந்த மணி வந்ததும் வாசலில் போய் நின்று நாணயத்தைச் சுண்டுங்கள்.